மஞ்சள் பலகை

அலைச்சறுக்கு சொல்லித்தருபவனுக்குத் தன் தங்கையின் கணவனைக் கண்டாலே ஆகாது. பலகையில் நிமிர்ந்து நிற்கத் துப்பில்லாத ஆள், பாறைக்கு அப்பால் எழும் பெரிய அலைதான் வேண்டும் என்று காலையிலேயே வந்து நின்றான்.

"மாப்ள, உங்க லட்சணத்துக்கு இடுப்பளவுத் தண்ணியே அதிகம். காத்து வேற திரும்பிடுச்சு. கரையோரமா நாலு தடவ விழுந்து எழுந்துட்டு வீட்டுக்குப் போங்க."

"உங்களுக்குப் பொறாமை மச்சான்." கடையில் இருந்த ஒரே மஞ்சள் பலகையை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டான்.

"போய்த் தொலைங்க. மாட்டிக்கிட்டா பலகை மேல உக்காந்து கையத் தூக்குங்க. தங்கச்சி முகத்துக்காக வந்து இழுத்துட்டு வரேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய் மற்ற பலகைகளுக்கு மெழுகு தேய்த்தான். வெளியே வந்தபோது மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தான். மஞ்சள் பலகை சுவரில் சாய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது. காலில் மணல்கூட ஒட்டவில்லை.

"அவ்வளவுதானா உங்க வீரம்?"

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான்."

எதிர்த்துப் பேசாத மாப்பிள்ளையை அவன் பார்த்ததே இல்லை. சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கடலைப் பார்த்தான்.

பாறைக்கு அப்பால், மஞ்சள் பலகை மேல் ஒருவன் உட்கார்ந்து கையைத் தூக்கியிருந்தான்.

பக்கத்தில் நின்றவனும் பார்த்தான். "நிக்கவே தெரியாதவனெல்லாம் எதுக்குத்தான் போறானோ," என்று சொல்லி, மச்சானின் தோளில் கையைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டான். "விடுங்க மச்சான். நான்தான் வந்துட்டேனே."

கடலில் அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.