உடன் வந்தவர்

பாரிஸிலிருந்து வியன்னா செல்லும் இரவு ரயிலில், பயணிகள் உறங்கும்போதே எல்லைச் சோதனை நடக்கும். படுக்கையே பயணியின் காதோடு கேள்விகள் கேட்கும். பயணி உறக்கத்திலேயே பதிலளிப்பார்.

தில்லைநாயகத்துக்கு அந்தப் படுக்கையின்மீது துளியும் நம்பிக்கையில்லை. எந்த அலுவலகத்திலும் மனைவி கோமளவல்லிக்கும் சேர்த்துத் தாமே பதில் சொல்லிப் பழகியவர் அவர்; அவளுடைய பாஸ்போர்ட்டும் அவர் சட்டைப்பையில்தான்.

"தூங்கித் தொலைக்காதே. ஏதாவது உளறி வைப்பே!"

அவளோ படுத்ததும் உறங்கிவிட்டாள். அவர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். அவளுடைய உதடுகள் ஓசையின்றி அசைந்தன. என்ன சொன்னாளோ என்ற சந்தேகம் விடியும்வரை அவரை அரித்தது.

வியன்னாவில் அவளுக்கு வெளியேறும் கதவு திறந்தது, அவருக்குத் திறக்கவில்லை. ரயில் பணியாளரான யாழ்ப்பாணத்து மயூரன் தயங்கினார்.

"ஐயா, நீங்கள் நித்திரை கொள்ளேல்லை, அதால சோதனையில உங்கட பதில் இல்லை. நீங்கள் ஆர் எண்டு கூட வந்த ஆள் சொன்னால் விடலாம். ஆனா அம்மா, தான் தனியத்தான் வந்தனான் எண்டு சொல்லியிருக்கிறா." அவளிடம் திரும்பினார். "அம்மா, இவர் ஆர்?"

"இவ என் சம்சாரம். நாங்க ரெண்டு பேரும்..."

"நான் அம்மாவைத்தான் கேட்டனான்."

கோமளவல்லி கணவரிடம் கை நீட்டினாள்.

"மொதல்ல என் பாஸ்போர்ட்டைக் குடுங்க. அப்புறம் சொல்றேன்."