அடித்துக் கொடுத்த வரி

வாழைக்காய் வறுவலை முள்கரண்டியால் குத்தப் போய், மூன்றாவது முறையும் அது தட்டைவிட்டு ஓடியது.

கார்த்திகேசன் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவன். கையாலேயே சாப்பிட வேண்டியதுதானே என்று கேட்க வாயெடுத்தேன். மேஜைக்கு அடியில் அம்மா என் காலை மிதித்தாள்.

தஞ்சாவூரில், துணி நாப்கினை விசிறி மாதிரி மடித்து வைக்கிற ஹோட்டல். சாப்பாடு முடிந்ததும் அரண்மனை. அவன் வீட்டு ஏற்பாடு.

இப்போதெல்லாம் பெண் பார்ப்பது இப்படித்தான். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவே பேசும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஒத்துவராவிட்டால், அரண்மனையைப் பார்க்கப் போயிருந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எம்.எஸ்சி. வேதியியல். இறால் பண்ணைத் தண்ணீரைப் பரிசோதிக்கிற லேபில் வேலை. கல்யாணம் என்பது அடிமைச் சாசனம் என்று கல்லூரி மேடையில் முழங்கிக் கோப்பை வாங்கியவள். கோப்பையில் இப்போது அம்மா சில்லறை போட்டு வைக்கிறாள்.

காரைக்காலில் தரகு பார்க்கிற சொர்ணாம்பாளிடம் பயோடேட்டா கொடுத்தபோது, அதில் ஒரே ஒரு வரியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுத்தேன். அந்த வரிக்காகத்தான் இதற்கு முன்னால் ஒன்பது பேர் வந்தார்கள். நான் என்ன படித்திருக்கிறேன் என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. ஒருத்தன் கடைசிவரை என்னை நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

"இது தெரியாம வர்றவன் வரட்டும்க்கா. இல்லன்னா ஒருத்தனும் வர வேணாம்."

"அடியே, உங்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்டி" என்றாள் சொர்ணாம்பாள்.

அந்த ஆத்திரம்தான் என்னை மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்துத் தஞ்சாவூர்வரை கொண்டுவந்திருந்தது. இந்தப் பத்தாவது ஆள் எனக்காக வந்தவன். எனக்காக மட்டும்.

"உனக்குக் குளிர் ஒத்துக்குமாம்மா?"

கார்த்திகேசனின் அம்மா சௌந்தரவல்லி கேட்டார். ஏசி நேராக என் உச்சந்தலையில் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு கரிசனம்!

"ஒத்துக்கும் அத்தை."

அத்தை. கோப்பை வாங்கின வாய்தான்.

இறால் வறுவல் வந்தது. பேசாமல் தின்றிருக்கலாம். குளத்துத் தண்ணீரில் அம்மோனியா ஏறினால் இறால் எப்படித் தவித்துச் சாகும் என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். முந்தைய ஒன்பது பேரில் எவனும் இதை இரண்டு நிமிடம்கூடத் தாங்கியதில்லை. கார்த்திகேசன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டான்.

"அப்புறம்?" என்றுகூடக் கேட்டான்.

அந்த ஒரு 'அப்புறம்' போதுமாயிருந்தது எனக்கு.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விட மாட்டேன் என்று கறாராகச் சொன்னேன். சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னேன். சௌந்தரவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடவே கூடாதும்மா. எந்த ஊருக்குப் போனாலும் நீ வேலைக்குப் போகணும்."

அரண்மனை வாசலுக்கு நடந்தபோது, முகூர்த்தப் புடவைக்கு மயில்கழுத்து நிறம் எடுக்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு ரவிக்கைகூடத் தைத்தாகிவிட்டது, மனதுக்குள்.

டிக்கெட் கவுன்டரில் கட்டணப் பலகை. இந்தியர் ஒரு விலை, வெளிநாட்டவர் ஒரு விலை. கார்த்திகேசன் வரிசையில் நின்றான்.

சௌந்தரவல்லி பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, மூணு இந்தியன். பொண்ணுக்கு மட்டும் ஃபாரின் டிக்கெட் எடுத்துடுப்பா!"

கவுன்டரில் இருந்தவர் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். எண்ணெய் வைத்துப் பின்னின சடை, கனகாம்பரம், கோட்டுச்சேரி வெயிலில் கருத்த முகம். எங்களில் யார் ஃபாரின் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"யாருக்கும்மா தெரியப்போவுது?" என்றான் கார்த்திகேசன், குரலைத் தணித்து.

"உள்ள செக்கிங்ல புடிச்சு, அவ பிரெஞ்சு பாஸ்போர்ட்டுல ஏதாவது கிறுக்கிவெச்சுட்டா? உன் விசா என்னடா ஆவறது?"

தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் வழியில் அப்பா பிரெஞ்சுக் குடிமகன், நானும் அப்படியே. பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் காரைக்கால் பக்கம் இது அதிசயமில்லை. பிரெஞ்சில் எனக்கு நான்கு வார்த்தை தெரியும். அதில் இரண்டு கெட்ட வார்த்தை.

அடித்துக் கொடுத்த வரி அதுதான்.

முள்கரண்டி புரிந்தது. குளிர் புரிந்தது. அந்த 'அப்புறம்' மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

சொர்ணாம்பாளின் வேலை. ஊருக்குப் போனதும் அவள் வாசலில் நின்று நாறடிக்கிறேன் என்று கறுவியபடி அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாடத்திலிருந்த புறாக்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது முடியப்போவுதுடி" என்றாள், புறாக்களிடம்.

நான் வரிசையைத் தாண்டிக் கவுன்டருக்குப் போனேன். கார்த்திகேசன் ஒதுங்கி வழிவிட்டான்.

"இந்தியன் ரெண்டு" என்றேன்.

ஒரு டிக்கெட்டை அம்மா கையில் திணித்தேன்.

தெருவில் யாராவது கேட்டால், அரண்மனையைப் பார்க்கப் போயிருந்தோம் என்று சொல்ல வேண்டும். அதற்காகவாவது பார்த்து வைக்கலாம் என்று உள்ளே போனோம்.