ஏற்றிய நாண்

நான் வில்லைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். கணவர் வெதாத் சிரித்துக்கொண்டே அதை நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தார்.

"நீ வில் பழகுறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்."

"ஏற்கெனவே நரைச்சாச்சு. நாணை ஏத்துங்க."

முழங்காலில் அணைத்து வளைத்து, நாணை மாட்டினார். "ஏத்துறது இப்படி. அவுக்கிறதைச் சாப்பிட்டுட்டுச் சொல்லித் தர்றேன். டீ போடு, சிமித் ரொட்டி வாங்கிட்டு வந்திடறேன்."

ஐந்து மாதம் கழித்து, அம்பு பாதியிலேயே விழுகிறதே என்று வில்லைப் பயிற்சிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே சொல்லித்தரும் செவ்தா, என்னைவிட இருபது வயது சின்னவள், பதறிவிட்டாள்.

"என்னக்கா, நாணோடயே வெச்சிருக்கீங்க? எய்து முடிச்சதும் அவுக்கணும். இல்லேன்னா இந்த மாதிரி மாட்டுக்கொம்பு வெச்சுச் செஞ்ச வில் வலுவிழந்து செத்துப்போயிடும். ஏத்தச் சொல்லித் தந்தவர் அவுக்கச் சொல்லித் தரலையா?"

"சாப்பிட்டுட்டுச் சொல்லித் தர்றேன்னார்."

"சாப்பிட்டதும் மறந்துட்டாராக்கும்!"

"ரொட்டி வாங்கப் போன இடத்துல பஸ் மோதிடுச்சும்மா."

செவ்தா வேறொரு வில்லை எடுத்து, நாண் அவிழ்க்கச் சொல்லித் தந்தாள். அன்றே கற்றுக்கொண்டேன்.

இப்போது வெதாத்தின் வில்லில் வலுவே இல்லை. அவர் ஏற்றிய நாணை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.