பூ ஸ்டிக்கருக்கு அடியில்

வெள்ளைக் காரின் இடது மட்கார்டுக்கு நடந்தது முழு அநியாயம். வண்டியைத் திருப்பத் தெரியாமல் கேட் தூணில் இடித்தவர் முதலாளி. நசுங்கியது மட்கார்டு. "தகரமா இது, அப்பளம்!" என்று திட்டு வாங்கியதும் மட்கார்டுதான். ஓட்டியவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

வீட்டிலேயே சரிசெய்கிறேன் என்று அவர் வெந்நீரை ஊற்றி இழுத்துப் பார்த்தார். பள்ளம் அசையவில்லை. அதன் மேல் பெரிய பூ ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

"இப்பதான் லட்சணமா இருக்கே," என்றது பக்கத்திலிருந்த கார்க் கதவு.

ஆனால் உள்ளே மடங்கிய விளிம்பு திருப்பத்துக்குத் திருப்பம் டயரை அறுத்தது.

"அக்கா, வலிக்குது. இப்படியே போனா வெடிச்சிடுவேன்," என்று டயர் அழுதது.

"நானா உன்னை அறுக்கிறேன்? என்னை மடக்கி வெச்சிருக்காங்கடா," என்று மட்கார்டும் கலங்கியது. அடுத்த திருப்பத்தில் அது கிறீச்சென்று கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"மானம் போகுது, வாயை மூடு!" என்று கதவு அதட்டியது.

மட்கார்டு மூடவில்லை. வெட்கம் தாங்காத முதலாளி வண்டியை டிங்கரிங் பட்டறையில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே சுத்தியல் நியாயமாகவே கேட்டது: "மேலே பட்டி பூசினா வலிக்காது, வழவழன்னு ஆயிடுவே. ஆனா விளிம்பு மடங்கினபடியேதான் இருக்கும். அதை நிமிர்த்தணும்னா உள்ளேயிருந்து அடிக்கணும். நல்லா வலிக்கும். எது வேணும்?"

"பட்டி, பட்டி!" என்றது கதவு.

மட்கார்டு தேய்ந்துபோன டயரைப் பார்த்தது.

"அழகு கதவுக்கே இருக்கட்டும். நீங்க அடிங்கண்ணே, இவன் ஓடணும்."