பட்டியலில் இருந்த ஒரே பெயர்

ஷாமினியின் கையிலிருந்த தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது கமலநாதனின் பெயர் இல்லை.

ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது கமலநாதனின் நாற்காலியில். அவருடைய வொர்க்ஸ்டேஷனில்தான், வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைவதற்கான மென்பொருளைப் போடச் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்கள்.

ஷா ஆலம் நகரில் பிளாஸ்டிக் வாளிகளும் மூடிகளும் செய்யும் தொழிற்சாலை அது. அவற்றை வார்க்கிற அச்சுகளை இருபத்திரண்டு வருடங்களாக வரைந்து வருகிறவர் கமலநாதன். ஷாமினி கணினிப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அவரே கீழே இறங்கிப் போய் அவளுக்குக் கோப்பி வாங்கி வந்தார்.

“இது முன்னாடியே இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்லா. வீட்டுலேருந்தே வேலை பார்க்கலாம். ஜாம்ல மாட்ட வேணாம்.”

ஷாமினி திரையை விட்டுத் திரும்பவில்லை. அவர் தினமும் கிள்ளானிலிருந்து கார் ஓட்டி வருகிறவர்.

மென்பொருள் ஏறி முடிந்தது. ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. பாஸ்வேர்டு போட்டு நுழையும் வழியை அடைத்தாள். இனிமேல் கணினிச் சாவி இருந்தால்தான் உள்ளே வரமுடியும். ஒரு பாதி இந்த மெஷினில் இருக்கும், மறு பாதி வருகிறவரின் லேப்டாப்பில்.

உள்ளே வர அனுமதி உள்ளவர் என்று தாளில் இருந்த பெயர் தாமரை, ஊர் செலாயாங். யாரென்று தெரியவில்லை.

யாராக இருந்தால் என்ன? ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் அவருடைய மெஷினை இன்னொருவருக்குத் திறந்துவிடுகிறார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்வது அவளுடைய வேலையும் இல்லை.

கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

“அங்கிள், லிஸ்ட்ல உங்க பேரு இல்ல.”

கமலநாதன் சிரித்தார். “தெரியும்மா. அத எழுதிக் கொடுத்ததே நான்தான்.”

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்து சொன்னார். போன வருடக் கடைசியிலிருந்து வலது கண்ணில் நேர்க்கோடுகள் வளைந்து தெரிகின்றன. இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோட்டை நம்ப முடியாதவன் அச்சு வரையக்கூடாது. அவரே நிர்வாகத்திடம் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்றார். உங்கள் இடத்துக்கு யார் என்று கேட்டார்கள். தாமரை என்றார்.

ஆறு வருடம் பக்கத்து மேசையில் இருந்த பெண். அவரைவிடச் சுத்தமாக வரைவாள். அம்மா படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். அனுமதி கிடைக்கவில்லை. வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது கேக் செய்து விற்கிறாளாம்.

நிர்வாகம்தான் தாமரையைக் கூப்பிட்டுப் பேசியிருந்தது. தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெருந்தன்மைதான் என்று ஷாமினி நினைத்துக்கொண்டாள். இந்த மனிதருக்குத் துரோகம் செய்வதாக அல்லவா இவ்வளவு நேரம் தவித்தோம் என்றிருந்தது.

தாமரை அனுப்பியிருந்த சாவிப் பாதியை எடுத்து மெஷினில் அதன் இடத்தில் வைத்தாள். பிறகு செலாயாங்குக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். நான் இருப்பதாகச் சொல்லாதே என்று கமலநாதன் கையைக் காட்டினார்.

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு வயதான குரல் எதையோ கேட்டது. “தோ வரேன்மா,” என்றாள் தாமரை.

திரையில் ஒரு வரி தோன்றியது. தாமரை உள்ளே வந்துவிட்டாள்.

கமலநாதன் அந்த வரியையே, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ், ஒண்ணு கேக்கலாமா? இதுக்குக் கமலநாதன் அண்ணன் எப்படி ஒத்துக்கிட்டாரு? அப்ப நான் கேட்டதுக்கு மேனேஜ்மென்ட்ல சரின்னுதான் சொன்னாங்க. அவருதான், டிராயிங் ஆபீஸ விட்டு வெளிய போகக்கூடாது, முடியவே முடியாதுன்னுட்டாரு.”

தாமரையின் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஷாமினி அவரைப் பார்க்கவில்லை.

கமலநாதன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தாமரை, நான்தாம்மா. இங்கதான் இருக்கேன்.”

ஷாமினி எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.