இருமல் கேட்கும் கருவி

சவரிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. கையிலிருந்த இன்ஹேலரோ பச்சை விளக்கைக் காட்டி, "நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்" என்றது. விஷவாயுவைக் கசியவிட்ட கம்பெனி, அதன் பிறகு தெரு முழுக்கக் கொடுத்த கருவி அது. நிஜ இருமலைக் கேட்டால்தான் மருந்தைத் திறக்கும், நடிப்புக்கு மசியாது.

"இருமுய்யா, ஒரே ஒரு தடவ!" என்று அவன் முதுகைத் தட்டிக் கெஞ்சினாள் மனைவி லூர்துமேரி. இருமுவதற்குக்கூட அவனிடம் தெம்பில்லை.

சட்டென்று கருவியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள். ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாயை வாணலியில் போட்டுக் கருகவிட்டாள். நெடி தொண்டையில் ஏறியது. கண்ணில் நீர் கொட்ட, குடலே வெளியே வருவதுபோல இருமினாள். விளக்கு சிவந்தது; மருந்து திறந்தது. ஓடிவந்து அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

அவன் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியபோது வாசல் கதவு தடதடத்தது. பக்கத்து வீட்டு ரோசலின். நெடி தாங்காமல் சண்டைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தாள் லூர்துமேரி.

ரோசலின் கையில் ஓர் இன்ஹேலர் இருந்தது.

"யக்கா, அடுப்ப அணைச்சிடாத. எங்க வீட்டுக்காரருக்கும் இருமல் நின்னுபோச்சு."