எஸ்கலினுக்கு விரியாத பாதை

நடக்க முடியாத விருந்தாளிகளுக்கென்றே அந்தத் தீவை மாற்றியிருந்தார்கள். சக்கர நாற்காலி மணலைத் தொட்டால் போதும், சுருண்டு கிடக்கும் பாதை தானாகக் கடல்வரை விரியும். அதன் பற்சக்கரத்தில் சிக்கும் மணலைக் கம்பியால் நோண்டுவது கித்தேரியானின் வேலை.

அன்று பாதிரியார் படகுகளை மந்திரித்து ஆசீர்வதிக்கும் நாள். தீவுக்காரர் எல்லாரும் கடலில் கால் நனைத்தாக வேண்டும். கித்தேரியான் தன் மகள் எஸ்கலினின் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து மணலில் நிறுத்தினார். பாதை அசையவே இல்லை.

“காசு கட்டுனவுக வண்டிக்குத்தாம்வே அது விரியும்,” என்றான் அவரை வேலை வாங்கும் மேஸ்திரி. “புள்ளயத் தூக்கிட்டுப் போவும்.”

“நா என்ன மூட்டையா?” என்று சீறினாள் எஸ்கலின். “தூக்காதியப்பா. நா உருட்டித்தாம் போவேன்.”

அப்போது ஒரு விருந்தாளி அம்மாளின் நாற்காலி மணலைத் தொட்டது; பாதை கடல்வரை விரிந்தது. அவள் கடலாடிவிட்டு அதன்வழியே கரையேறினாள். அவளுக்குப் பின்னால் பாதை சுருளத் தொடங்கியது. கித்தேரியான் கம்பியைப் பற்சக்கரத்துக்குள் ஓங்கி இறக்கினார். பாதை முனகி, விரிந்தபடியே நின்றது.

“ஓய், வேல போயிரும்வே!” மேஸ்திரி கம்பியைப் பிடுங்க ஓடிவந்தான். அந்த அம்மாள் தன் நாற்காலியை அவன் குறுக்கே திருப்பி நிறுத்தினாள்.

“வேலதானல, போவட்டும்! கடலு ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?” என்றார் கித்தேரியான். “எஸ்கலினு, உருட்டு மக்கா!”